பிஞ்சுவுக்கு முப்பத்து மூன்று வயது

பீர் ஆலையில் பீரை ருசி பார்ப்பதுதான் பிஞ்சுவின் வேலை. ஆனால் ஆலை வாசலைத் தாண்டிவிட்டால், எந்தக் கடையிலும் அவனுக்கு ஒரு கோப்பை பீர் சுலபத்தில் கிடைத்ததில்லை. "தம்பி, அடையாள அட்டை இருக்கா?" என்று கேட்பார்கள். எடுத்துக் காட்டினால் அட்டையைப் பார்ப்பார்கள், முகத்தைப் பார்ப்பார்கள், மறுபடியும் அட்டையைப் பார்ப்பார்கள். "இது உங்க அண்ணனோடதா?" என்று கேட்டவர்களும் உண்டு. அவனுக்கு அண்ணனே கிடையாது.

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. சம்பளம் போடுகிற அலுவலகத்தைத் தவிர வேறு யாருக்கும் அது ஞாபகமில்லை. பத்து வயதில் ஆறு வயதுக்காரனாகவும் பதினைந்தில் பத்து வயதுக்காரனாகவும் தெரிந்தவனுக்கு, பள்ளிக்கூடத்தில் யாரோ ஒரு புண்ணியவான் 'பிஞ்சு' என்று வைத்தான். பிஞ்சிலேயே பழுத்தது என்று சில பிள்ளைகளைச் சொல்வார்கள். இவன் பழுத்த பிறகும் பிஞ்சாகவே நின்றுவிட்டவன்.

அவனும் சும்மா இருக்கவில்லை. மீசை வளர்த்துப் பார்த்தான். ஏழு முடி முளைத்தது, ஏழும் ஏழு பக்கம் போனது. தடித்த அடிப்பாகம் வைத்த காலணி போட்டுப் பார்த்தான். அப்பாவின் காலணியை மாட்டிக்கொண்டு வந்த பையன் போல இருந்தான். குரலைத் தாழ்த்திப் பேசிப் பார்த்தான், "தொண்டை கட்டியிருக்கா கண்ணு?" என்று பேருந்தில் ஒரு பெண்மணி மிட்டாய் கொடுத்தார். அதைச் சப்பிக்கொண்டே வீட்டுக்கு வந்து அம்மாவிடம் புலம்பினான்.

அம்மா சலித்துக்கொண்டாள். "இளமையா தெரியறதுக்கு உலகமே காசக் கொட்டுது. உனக்குச் சும்மா கிடைச்சா வலிக்குதா?"

வலிக்கத்தான் செய்தது. அதுவும் அவனுடைய பதினெட்டாவது பிறந்த நாளில் நடந்ததை அவன் இன்றுவரை மறக்கவில்லை. கூடப் படித்த ஒருவனுக்கு 'ஒட்டகம்' என்று பெயர். பதினாறு வயதிலேயே ஆறடி, கன்னத்தில் அடர்த்தியாகத் தாடி. இருவரும் மதுக்கடைக்குப் போனார்கள். பிஞ்சுவுக்கு அன்றோடு பதினெட்டு முடிந்திருந்தது. ஒட்டகத்துக்கு இன்னும் ஐந்து மாதம் பாக்கி. கடைக்காரர் பிஞ்சுவின் அட்டையை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு, "போய் அப்பாவக் கூட்டிட்டு வா" என்றார். ஒட்டகத்தைப் பார்த்து, "உங்களுக்கு என்ன வேணும் சார்?" என்றார். ஒட்டகம் இரண்டு பாட்டில் வாங்கிக்கொண்டு வெளியே வந்து, ஒன்றைப் பிஞ்சுவிடம் நீட்டினான். சட்டப்படி குடிக்கத் தகுதி உள்ளவன், சட்டப்படி குடிக்கக் கூடாதவன் தயவில் குடித்தான்.

ஆலையில் வேலை கிடைத்தது மூக்கால். எங்கள் பிஞ்சுவின் முகம் எப்படியோ, மூக்கு நிஜமாகவே முதிர்ந்த மூக்கு. இருபத்திரண்டு வயதில், மூடி போட்ட கண்ணாடிக் கோப்பைகளை வரிசையாக வைத்து, எதில் கோளாறு என்று கேட்டார்கள். ஒன்றில் வெண்ணெய் வாடை, ஒன்றில் வேகவைத்த சோள வாடை, ஒன்றில் நனைந்த அட்டைப்பெட்டி வாடை என்று பிட்டுப் பிட்டு வைத்தான். அன்றைக்கே வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள்.

ருசி பார்க்கும் அறையில் ஜன்னல் கிடையாது. பீரின் நிறம் கண்ணை ஏமாற்றிவிடக் கூடாது என்பதற்காக உள்ளே சிவப்பு விளக்குதான் எரியும். நான்கு பேர், நடுவில் தடுப்புப் பலகை. காலைச் சாப்பாட்டுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் நடுவே, வாய் சுத்தமாக இருக்கும் நேரத்தில் உட்காருவார்கள். காபி கூடாது, வாசனைச் சோப்பு கூடாது. ஒரு மடக்கு பீர், பிறகு உப்பில்லாத பிஸ்கட், பிறகு தண்ணீர். கசப்பு தொண்டையில்தான் தெரியும் என்பதால் துப்பவும் கூடாது. அந்தச் சிவப்பு வெளிச்சத்தில் எல்லோருடைய முகமும் ஒன்றுபோலத்தான் இருக்கும். பதினொரு வருடமாகப் பிஞ்சு நிம்மதியாக இருந்தது அந்த அறையில்தான்.

கண்ணாடிக்கடைக்குப் போனதும் வயது கூட்டிக் காட்டுகிற ஆசையில்தான். பவர் இல்லாத கண்ணாடி ஒன்று, கறுப்புச் சட்டத்தில், கொஞ்சம் கடுமையாக இருந்தால் தேவலை என்று நினைத்துப் போனான். கடையில் கண் பரிசோதிப்பவளும் ஒருத்திதான், கடையை நடத்துபவளும் அவள்தான். காதோரம் நரை ஓடியிருந்தது. இருபத்தெட்டு வயதிலேயே ஓடத் தொடங்கிய நரை என்று பின்னால் தெரிந்துகொண்டான்.

"அம்மா அப்பா யாராவது கூட வந்திருக்காங்களாப்பா?" என்றாள்.

பிஞ்சு அட்டையை எடுத்து மேஜைமேல் வைத்தான். அவள் பார்த்தாள். பிறகு, அவன் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக, ஒருவர் அட்டையைப் பார்த்துவிட்டுத் திரும்ப முகத்தைப் பார்க்காமல், "மன்னிச்சுக்கோங்க சார். எனக்கே கண்ணாடி மாத்தணும் போல" என்றாள். அந்த 'சார்' அவனுக்குள் எங்கேயோ போய் உட்கார்ந்துகொண்டது.

கண்ணில் ஒரு குறையும் இல்லை. அவன் கெஞ்சிக் கேட்டதால் கறுப்புச் சட்டத்தில் ஒரு கண்ணாடி செய்து கொடுத்தாள். போட்டுக் காட்டினான். அவள் சிரிப்பை அடக்க ரொம்பக் கஷ்டப்பட்டாள். "முன்னாடி பள்ளிக்கூடப் பையன் மாதிரி இருந்தீங்க. இப்ப நல்லாப் படிக்கிற பள்ளிக்கூடப் பையன் மாதிரி இருக்கீங்க." கண்ணாடியின் திருகு தளர்ந்தது என்று ஒரு வாரம் போனான், மூக்குப்பட்டை அழுத்துகிறது என்று அடுத்த வாரம் போனான். அப்புறம் காரணம் சொல்லாமலே போனான். 'சார்' போய், 'நீங்க' போய், 'நீ' வந்தது.

அவளுக்கு முப்பத்தாறு. மூன்று வயது வித்தியாசம் ஒரு வித்தியாசமா? அட்டையில் இல்லைதான், தெருவில் இருந்தது. எங்கே போனாலும், "உங்க தம்பியா?" என்றார்கள். அவள் முதலில் சிரித்தாள். ஒரு நாள் துணிக்கடையில் ஒருத்தி, "உங்க பையன் எந்த ஸ்கூல்ல படிக்கிறான்?" என்று கேட்டுவிட்டாள். அன்றைக்கு அவள் சிரிக்கவில்லை.

"இன்னும் பத்து வருஷம் கழிச்சு நினைச்சுப் பாரு" என்றாள் அவனிடம். "உன் முகம் இப்படியேதான் இருக்கும். என் முகம் எங்க போய் நிக்குமோ. உன்ன எனக்குப் பிடிக்கும். ஆனா வாழ்க்கை பூரா ஒவ்வொரு கடையிலயும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்குத் தெம்பு இருக்கான்னு தெரியல."

பிஞ்சு கல்யாணப் பேச்சை எடுத்திருந்தான். அவள் யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருந்தாள். இதற்கு நடுவில்தான் ஊரில் வயதுச் சண்டை கிளம்பியது. மது விற்கும் வயதைப் பதினெட்டிலிருந்து இருபத்தொன்றுக்கு ஏற்றலாமா என்று நகர மன்றம் பொதுக்கூட்டம் போட்டுக் கேட்கப் போகிறது என்றார்கள். முடி திருத்தும் கடையில், பேருந்து நிறுத்தத்தில், பல் மருத்துவர் வாசலில், எங்கே பார்த்தாலும் இதே பேச்சு. ஓட்டுப் போடலாம், பட்டாளத்தில் சேரலாம், ஒரு கோப்பை குடிக்கக் கூடாதா என்று ஒரு கட்சி. பதினெட்டு வயதில் மண்டைக்குள் என்ன இருக்கிறது, வெறும் காற்றுதானே என்று இன்னொரு கட்சி. பதினெட்டு வயதுக்காரர்களை மட்டும் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

இருபத்தொன்று கட்சிக்குத் தலைமை தாங்கியவர் அவளுடைய அப்பா. பேருந்தில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்குப் பீர்மேல் கோபம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு கோப்பை அவரும் குடிப்பார். அவருடைய கோபமெல்லாம் வயதைக் கூட்டியும் குறைத்தும் சொல்கிறவர்கள்மேல். மீசை அரும்பிய மகனை மடியில் உட்காரவைத்து அரை டிக்கெட் என்று சாதித்த தாய்மார்களோடு காலமெல்லாம் மல்லுக்கட்டியவர். ஊரில் எந்த இளைஞனைக் கண்டாலும் 'அரை டிக்கெட்' என்பார்.

பிஞ்சுவை அவர் பார்த்ததில்லை. அவள் காட்டவில்லை.

இந்தப் பக்கம், ஆலைச் சங்கத்தின் தலைவர் பிஞ்சுவைக் கூப்பிட்டார். கிடங்கில் பாரம் தூக்கும் வண்டி ஓட்டுகிறவர், வண்டியின் ஹாரனைவிட உரத்த தொண்டை. "ஆலை சார்பா நீதான் கூட்டத்துல பேசற. பதினெட்டே இருக்கட்டும்னு சொல்லு. நான் பேசினா சண்டைக்கு வந்த மாதிரி இருக்கும். நீ நிதானமானவன், பொறுப்பானவன்."

வேறு ஊர்க்காரன் யாராவது பக்கத்தில் இருந்திருந்தால், குடிக்கும் வயதைப் பற்றிய கூட்டத்துக்கு அனுப்ப உங்களுக்கு வேறு ஆளே கிடைக்கவில்லையா என்று கேட்டிருப்பான். ஆலையில் யாருக்கும் அது தோன்றவில்லை. பதினொரு வருடமாகத் தினம் பார்க்கிற முகம். அவர்களுக்கு அவன் வெறும் பிஞ்சு, மூத்த ருசிக்காரன், அவ்வளவுதான். பிஞ்சுவும் பெருமையோடு ஒப்புக்கொண்டான்.

கூட்டத்துக்கு முதல் நாள் சாயங்காலம் இருவரும் ஓர் உணவகத்துக்குப் போனார்கள். பரிமாறுகிறவன் வழக்கம்போல அட்டை கேட்டான். அவள் அட்டையைப் பிஞ்சுவின் கையிலிருந்து பிடுங்கி, "நல்லாப் பாருங்க, முப்பத்து மூணு" என்று காட்டினாள். அவன் பார்த்துவிட்டு, "சரிங்க மேடம். உங்க தம்பி குடுத்து வச்சவர்" என்று போய்விட்டான். அவள் முகம் சுருங்கியது. அந்தச் சங்கடத்தில் அட்டையைத் தன் கைப்பைக்குள் போட்டு மூடியதை அவளும் கவனிக்கவில்லை, அவனும் கவனிக்கவில்லை.

"நாளைக்குக் கூட்டம் முடியட்டும்" என்றாள். "முடிஞ்சதும் என் பதிலச் சொல்றேன். அதுவரைக்கும் நம்ம விஷயம் யாருக்கும் தெரிய வேண்டாம். அப்பாவுக்கு முக்கியமா தெரிய வேண்டாம். நான் முடிவு பண்றதுக்கு முன்னாடி ஊரே கூடி முடிவு பண்ணிடக் கூடாது."

"என் வாயில இருந்து வராது" என்றான் பிஞ்சு.

மறுநாள் நகர மன்ற வாசலில் ஒரு காவல்காரம்மா நின்றிருந்தார். பதினெட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு மணிக்கட்டில் பச்சைக் காகிதப் பட்டை. அவர்கள் மாடியில் உட்கார வேண்டும். பெரியவர்கள் கீழே. பிஞ்சு சட்டைப் பையில் கை விட்டான். பை காலி. பதினெட்டு வயதிலிருந்து ஒரு நாள் தவறாமல் அட்டையோடு திரிந்தவன், அது உண்மையிலேயே தேவைப்பட்ட ஒரே நாளில் வெறுங்கையோடு நின்றான்.

"நான் ஆலை சார்பா பேச வந்திருக்கேங்க. எனக்கு முப்பத்து மூணு வயசு."

"எனக்குப் பதினாறு" என்றார் காவல்காரம்மா, அவன் கையைப் பிடித்துப் பச்சைப் பட்டையை ஒட்டிக்கொண்டே. "மேல போ கண்ணு. படியில ஓடாத."

சங்கத் தலைவருக்குப் போன் போட்டான். உள்ளே போன்களை அணைத்து வைக்கச் சொல்லியிருந்தார்கள். வேறு வழியில்லாமல் மாடி ஏறினான். அங்கே ஒரு பள்ளி ஆசிரியர், கூட்டம் எப்படி நடக்கிறது என்று காட்ட ஒரு வகுப்பையே அழைத்து வந்திருந்தார். அவனை முன்வரிசையில் நடுவில் தள்ளி உட்காரவைத்து, "எந்தப் பிரிவு நீ? ஏன் சீருடை போடல?" என்றார். பிஞ்சு வாயைத் திறப்பதற்குள் கீழே மணி அடித்தது.

மாடியிலிருந்து எல்லாம் தெரிந்தது. மேடையில் மணியோடு மன்றத் தலைவி. ஒரு பக்கம் சங்கத் தலைவர், நிமிடத்துக்கு ஒரு தரம் வாசலைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுபக்கம் முன்வரிசையில் பரிசோதகர். பக்கத்தில் அவள், மடியில் கைப்பையோடு. அந்தக் கைப்பையைப் பார்த்ததும்தான் பிஞ்சுவுக்கு அட்டை போன இடம் புரிந்தது.

முதலில் பரிசோதகர் எழுந்தார்.

"முப்பது வருஷம் பஸ்ல ஏறி இறங்கினவன் நான். வயச மாத்திச் சொன்ன ஒருத்தன்கூட என் கண்ணுல இருந்து தப்பினதில்ல. பதினெட்டு வயசுன்னா என்னன்னு உங்களுக்குக் காட்டட்டுமா?" சுற்றும் முற்றும் பார்த்தார். பார்வை மாடிக்கு ஏறி, முன்வரிசை நடுவில் வந்து நின்றது. "அதோ பாருங்க. கறுப்புச் சட்டக் கண்ணாடி போட்ட பையன். என்ன வயசு இருக்கும்? பதினாலு. இப்ப இருக்கற சட்டப்படி இன்னும் நாலே வருஷத்துல இந்தக் குழந்தை கையில பீர் கோப்பையக் குடுக்கப் போறோம். நாலு வருஷத்துல இது என்ன பெருசா வளந்துடப் போகுது? மனசாட்சியத் தொட்டுச் சொல்லுங்க."

கைதட்டல் கூரையைத் தொட்டது. கூட்டம் மொத்தமும் திரும்பி மேலே பார்த்தது. அவளும் பார்த்தாள். அவள் கை தானாகக் கைப்பையைத் தடவிப் பார்த்ததை மாடியிலிருந்து பிஞ்சு கண்டான்.

மன்றத் தலைவி நல்ல மனுஷி. "பயப்படாத தம்பி. உன்னப் பத்திப் பேசறாங்க. நீயே எழுந்து ஏதாவது சொல்லு" என்றார்.

பிஞ்சு எழுந்தான். "எனக்கு முப்பத்து மூணு வயசுங்க."

சிரிப்பு அடங்க நேரம் பிடித்தது. ஆசிரியர் அவன் சட்டையைப் பிடித்து இழுத்து, "மானத்த வாங்காத, உக்காரு" என்றார்.

அப்போதுதான் சங்கத் தலைவர் மேலே யார் நிற்பது என்று பார்த்தார். துள்ளி எழுந்தார். "அவன் எங்க ஆளுங்க. பதினோரு வருஷமா எங்க ஆலையில பீர் ருசி பாக்கறான்."

பரிசோதகர் விரல் விட்டு எண்ணினார். "பதினாலுல பதினொண்ணு போனா மூணு. கேட்டீங்களாய்யா? மூணு வயசுலயே பீர் குடுத்துப் பழக்கியிருக்காங்க."

அவ்வளவுதான், கூட்டம் ரணகளமாகிவிட்டது. "குழந்தையப் போய் வேலைக்கு வைக்கறீங்களா?" என்று ஒருவர் கத்தினார். "ஆலைய இழுத்து மூடு" என்று இன்னொருவர். சங்கத் தலைவரின் தொண்டைகூட எடுபடவில்லை. மணி அடித்து அடித்து ஓய்ந்த பிறகு மன்றத் தலைவி கேட்டார். "தம்பி, விளையாட்டு போதும். முப்பத்து மூணுன்னா அட்டை இருக்கணும். இருக்கா?"

"இருக்குங்க. என் கையில இல்ல."

"யார் கையில இருக்கு?"

பிஞ்சு கீழே பார்த்தான். அவள் தலை குனிந்து, இரண்டு கைகளாலும் கைப்பையை அழுத்திப் பிடித்திருந்தாள். ஒரு வார்த்தை போதும். இந்தச் சிரிப்பு நின்றுவிடும், ஆலைக்கு வந்த கெட்ட பெயர் போய்விடும், பதினெட்டு வயதிலிருந்து அவனை விரட்டும் கேள்விக்கு ஊர் முழுக்க ஒரே நாளில் பதில் கிடைத்துவிடும். ஆனால் உன் அட்டை அவள் பைக்குள் எப்படி வந்தது என்று அடுத்த கேள்வி வரும். அவள் முடிவு செய்வதற்குள் ஊர் முடிவு செய்துவிடும்.

"அவங்களக் கேக்காம அவங்க பேரச் சொல்ல மாட்டேங்க" என்றான்.

"அம்மாகிட்ட இருக்கா தம்பி?" என்று கூட்டத்தில் ஒரு குரல். மறுபடியும் சிரிப்பு. சங்கத் தலைவர் தலையில் கை வைத்துக்கொண்டார். பிஞ்சுவின் காது சிவந்துவிட்டது. அவனுக்கு அழுகை வரும் போலத்தான் இருந்தது. வந்திருந்தால் இன்னும் ஒரு வயது குறைந்திருக்கும். அடக்கிக்கொண்டு நின்றான்.

"சரி, மாணவர் கருத்துன்னே வச்சுக்குவோம்" என்றார் மன்றத் தலைவி. "சொல்ல வந்தத சுருக்கமா சொல்லு."

சங்கத் தலைவர் சொல்லிக் கொடுத்ததெல்லாம் அவனுக்கு மறந்துபோயிருந்தது. மனதில் இருந்தது வாயில் வந்தது.

"எங்க சங்கம் பதினெட்டே இருக்கட்டும்னு சொல்லுது. எனக்கும் அதுதான் சரின்னு படுது. ஆனா நீங்க பதினெட்டு வச்சாலும் இருபத்தொண்ணு வச்சாலும் கடைக்காரர் பாக்கறது என் மூஞ்சியத்தான். எனக்குப் பதினெட்டு ஆன அன்னைக்கு என்ன வெளிய அனுப்பிட்டு, என்கூட வந்த பதினேழு வயசுக்காரனுக்கு சார் போட்டு ரெண்டு பாட்டில் குடுத்தாங்க. அவன் உயரம், தாடி வேற. அவன யாருமே கேக்கல. குடிச்சுட்டு வண்டி ஓட்டி வேலியில விழுந்து கைய ஒடச்சுக்கிட்டதும் அவன்தான். கேக்கறது எனக்குக் கோபம் இல்லீங்க. என்ன மட்டும் கேக்கறதுதான் கோபம். கேட்டா எல்லாரையும் கேளுங்க. தாடி வச்சவரையும் கேளுங்க, தலை நரைச்சவரையும் கேளுங்க. அப்புறம் வயசு எவ்வளவுன்னு சண்டை போடலாம்."

உட்கார்ந்துவிட்டான். இரண்டு கட்சியும் சேர்ந்து கை தட்டியது.

"இந்த வயசுல எவ்வளவு பக்குவம் பாருங்க. பதினெட்டே அதிகம்" என்றார் பதினெட்டுக் கட்சிக்காரர் ஒருவர். "சொல் புத்தி இல்லாட்டியும் சுய புத்தி இருக்கு. எங்க பக்கம் வந்துடு அரை டிக்கெட்டு" என்றார் பரிசோதகர், சந்தோஷமாக. ஆசிரியர் குனிந்து அவன் காதில், "அடுத்த வாரம் பேச்சுப் போட்டி இருக்கு. உன் பேரச் சேத்துக்கறேன்" என்றார்.

அப்போது முன்வரிசையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அவள் எழுந்து நின்றிருந்தாள்.

"அவருக்கு முப்பத்து மூணு வயசு" என்றாள். "அட்டை என்கிட்ட இருக்கு."

கைப்பையைத் திறந்து, அட்டையை எடுத்து, நேராக மேடைக்கு நடந்து மன்றத் தலைவியிடம் கொடுத்தாள். மன்றத் தலைவி அட்டையைப் பார்த்தார், மாடியைப் பார்த்தார், மறுபடி அட்டையைப் பார்த்தார். பிஞ்சுவுக்குப் பழகிய காட்சி.

"உண்மைதான். முப்பத்து மூணு" என்றார். ஆசிரியர் பிஞ்சுவின் பக்கத்திலிருந்து மெல்ல ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்தார். "நீங்க அவருக்கு என்ன வேணும்மா?"

அவள் மாடியைப் பார்த்தாள். பிஞ்சு வேண்டாம் என்று தலையை ஆட்டினான். அவள் கண்டுகொள்ளவில்லை.

"அக்கா இல்ல. அம்மாவும் இல்ல. நான் அவரக் கல்யாணம் பண்ணிக்கப் போறேன். இது அவருக்கே இப்பதான் தெரியும்."

பிஞ்சுவுக்குக் கால் தரையில் இல்லை. படியில் ஓடக் கூடாது என்று காவல்காரம்மா சொன்னதை மறந்து இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கினான். மணிக்கட்டில் பச்சைப் பட்டை அப்படியே இருந்தது. கீழே வந்து அவள் எதிரில் நின்றபோது மூச்சு வாங்கியது.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா தப்பிச்சிருக்கலாம் இல்ல?" என்றாள்.

"சொல்ல மாட்டேன்னு சொன்னேனே."

"அதான்" என்றாள் அவள். அவளுக்குக் கண் கலங்கியிருந்தது, சிரித்துக்கொண்டும் இருந்தாள்.

பரிசோதகர் இன்னும் நின்றுகொண்டே இருந்தார். மகளைப் பார்த்தார், பிஞ்சுவைத் தலை முதல் கால் வரை பார்த்தார். முப்பது வருடத்தில் முதல் தடவையாக ஒருவன் கண்ணுக்குத் தப்பிவிட்ட அதிர்ச்சி அவருக்கு. "இந்த அரை டிக்கெட்டா?" என்றார்.

"முழு டிக்கெட்டுப்பா" என்றாள் மகள். "நீங்கதான் சரியாப் பாக்கல. நாளைக்குக் கடைக்கு வாங்க, கண்ணு டெஸ்ட் பண்ணிடலாம்."

பதினெட்டா இருபத்தொன்றா என்ற சண்டை அன்று முடியவில்லை. அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்தார்கள், அதிலும் முடியவில்லை, இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. ஆனால் மது கேட்கிற எல்லோரிடமும் வயது வித்தியாசம் பார்க்காமல் அட்டை கேட்டே ஆக வேண்டும் என்ற விதியை மட்டும், இரண்டு கட்சியும் ஒத்துப்போன ஒரே விஷயம் என்பதால், மன்றம் போட்டுவிட்டது. பிஞ்சு சட்டம் என்று ஆலையில் அதற்குப் பெயர்.

கல்யாணத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, மாப்பிள்ளையை உட்காரவைத்து ஒரு கோப்பை வாங்கிக் கொடுப்பது முறை என்று பரிசோதகரே கிளம்பினார். மூன்று பேரும் அதே உணவகத்துக்குப் போனார்கள். பரிமாறுகிறவனும் அதே ஆள்தான். மூன்று பீர் கேட்டார் பரிசோதகர்.

"அட்டை வேணுங்க ஐயா."

"எனக்கா? எழுபத்து ரெண்டு வயசுடா. பாத்தாத் தெரியல?"

"தெரியுதுங்க. ஆனா விதி. எல்லாரையும் கேக்கணும்."

"எந்த மடையன் போட்ட விதி?" என்று தொடங்கியவர், எதிரில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையைப் பார்த்து அப்படியே நிறுத்திக்கொண்டார். அட்டை வீட்டில் இருந்தது. டிக்கெட் இல்லாமல் ஏறுகிறவர்களை ஆயுள் முழுக்க இறக்கிவிட்டவர், எலுமிச்சைச் சாற்றுக்கு ஒப்புக்கொண்டார். பிஞ்சு சட்டைப் பையிலிருந்து தன் அட்டையை எடுத்துக் கொடுத்தான். ஊரிலேயே அவனுக்குத்தான் இதில் பழக்கம் அதிகம்.

பரிமாறுகிறவன் அவள் பக்கம் திரும்பினான். "மேடம், உங்களுக்குப் பதினெட்டு ஆயிடுச்சான்னு தெரிஞ்சுக்கணும். அட்டை இருக்கா?"

அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். காதோரம் நரை வந்த பிறகு அவளிடம் யாரும் கேட்டிராத கேள்வி. முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது. கைப்பையில் கை விட்டு அட்டையைத் தேடி எடுத்தாள். ஆனால் கொடுக்கவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டாள்.

"தம்பி, சரியாக் காதுல விழல" என்றாள். "இன்னொரு தடவ கேளுங்க."

அவனும் இன்னொரு தடவை கேட்டான்.